பணிப்பாளருக்கு என்ன தொழில்?

கொட்டாஞ்சேனை அழகருக்கு மறதி வந்த விஷயம் மேலிடத்துக்குத் தெரியாமல் இருந்தவரை அவர் பத்திரமாகத்தான் இருந்தார்.

அழகர் கொழும்பில் பஸ் சாரதி. கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளை வழியாக வெள்ளவத்தைக்கு ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகு முதலில் மகனின் பெயர் மறந்தது. பிறகு மகன் கனடாவில் இருப்பது மறந்தது. அதன் பிறகு தான் ஓய்வு பெற்றதே மறந்தது. முதல் இரண்டையும் மனைவி ஜெயராணி எப்படியோ சமாளித்துக்கொண்டாள். மூன்றாவதுதான் பெரும் பாடு. விடிந்ததும் மனிதர் சட்டை மாட்டி, தலை சீவி, "வண்டி எடுக்க நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்.

சந்தியில் ஜாபிரின் தேத்தண்ணிக் கடை இருந்தது. வாசலில் உட்கார ஒரு வாங்கு. அழகரைக் கண்டதும் ஜாபிர் குரல் கொடுப்பார்: "அழகரண்ணே, ஒங்கட பஸ் இன்னம் டிப்போவால வரல்ல. இரீங்க, பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டுப் போகலாம்."

அழகர் உட்காருவார். பஸ் வராது. டிப்போக்காரர்களைக் கொஞ்ச நேரம் ஏசுவார். களைத்ததும் எழுந்து வீடு இருக்கும் குறுகிய ஒழுங்கைக்குள் நடப்பார். அந்த ஒழுங்கையில் அவர் வீட்டுக் கதவு மட்டும் சிவப்பு. டிப்போவில் மிஞ்சிய பெயின்ட்டைக் கொண்டுவந்து அவரே எந்தக் காலத்திலோ அடித்தது. சிவப்பைக் கண்டால் அவருக்கு வண்டியை நிறுத்திவிட்ட நிம்மதி. உள்ளே வந்து சோறு கேட்பார். வழி தவறினால் மீன்காரனோ ஆட்டோக்காரனோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். இதற்காக அவர்களில் எவரும் செயலமர்வு, பயிற்சி எதற்கும் போனதில்லை.

அந்த வருஷம் மாநகரத்துக்கு நிதி வந்தது.

நிதி வந்ததால் 'மறதி நேய மாநகரச் செயலகம்' வந்தது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அதன் பணிப்பாளர் கலாநிதி குகனேந்திரன். அவருடைய கலாநிதிப் பட்டம் நன்னீர் இறால் வளர்ப்பில் என்று சிலர் சொன்னார்கள். அவர் அதை மறுத்ததில்லை. இரண்டுக்கும் பொறுமை வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

செயலகம் அழகரின் ஒழுங்கையை முன்மாதிரி வீதியாகத் தெரிவு செய்தது. திறப்பு விழாவில் பணிப்பாளர் பேசினார்.

"இவையளை நாங்கள் நோயாளிகள் எண்டு சொல்லுறதில்லை. நினைவுப் பயணிகள் எண்டு சொல்லுறம். இந்தப் பெயரைத் தீர்மானிக்க எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் நாங்கள் சும்மா இருக்கேல்லை. சுவிட்சர்லாந்திலை இருந்தனாங்கள்."

கைதட்டினார்கள். மறுநாள் வேலை தொடங்கியது. பார்வையை மறைக்கிறது என்று ஜாபிரின் கடையை அகற்றினார்கள். அந்த இடத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள்: 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.' எங்கே என்று எழுத இடம் போதவில்லை. வாங்கையும் எடுத்துவிட்டு, விஞ்ஞான முறைப்படி சரிவாகச் செய்த புது வாங்கு ஒன்றைப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தவர்கள் மெல்ல மெல்ல வழுக்கி எழுந்து நின்றார்கள். அது பயணிகளைச் சுறுசுறுப்பாக வைத்திருக்குமாம். கடைசியாக ஒழுங்கையின் எல்லாக் கதவுகளுக்கும் இளநீல வர்ணம் பூச வந்தார்கள்.

ஜெயராணி கதவின் குறுக்கே நின்றாள். வேலையை மேற்பார்வை செய்ய வந்திருந்த நிம்றா என்ற இளம் உத்தியோகத்தரைப் பார்த்து, "மகள், சிவப்பப் பாத்துத்தான் இவரு வீட்டுக்கு வருவாரு. இந்த ஒன்ன மட்டும் விட்டுருங்க" என்றாள்.

நிம்றாவுக்கு முகம் சுருங்கிப் போனது. "எனக்கு வெளங்குது ஆன்ட்டி. ஆனா நீலம் மனசுக்கு அமைதியாம், அறிக்கையில ஈக்கிது. ஒரு கதவ விட்டா முன்மாதிரி ஒடஞ்சிரும் எண்டு சேர் சொல்றார்."

முன்மாதிரி உடையாமல் காப்பாற்றப்பட்டது. அழகரின் தோள் எலும்புதான் உடைந்தது.

அந்த வாரமே ஒரு காலை அவர் கிளம்பிப் போனார். சந்தியில் ஜாபிர் இல்லை. வாங்கு அவரை உட்காரவிடவில்லை. திரும்பி ஒழுங்கைக்குள் வந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீலம். ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார். புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டில் கள்வன் என்று கத்தியிருக்கிறார்கள். பயந்துபோய்த் தனக்குத் தெரிந்த ஒரே பாதையில், பஸ் போகும் பாதையில், நடந்திருக்கிறார். பொரளைச் சந்தியில் மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்துப் போட்டது.

அன்று முழுக்கத் தெருத் தெருவாகத் தேடிய ஜெயராணிக்கு, பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. போய்ப் பார்த்தபோது தலையில் தையல், தோளில் கட்டு. அவளைக் கண்டதும் அழகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரேக் புடிக்கல்ல ஜெயம். பஸ்ஸுல ஆளுங்களுக்கு ஒன்னும் இல்லதானே?"

"ஒன்னும் இல்லங்க. எல்லாரும் எறங்கிட்டாங்க" என்றாள் ஜெயராணி. வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு முதல் வேலையாகச் சிவப்புப் பெயின்ட் வாங்கிக் கதவுக்கு அடித்தாள். செயலக வண்டி வந்து அதன் மேல் நீலம் அடித்துவிட்டுப் போனது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தார்கள். அடுத்த காலாண்டு அறிக்கையில் அழகரின் படத்தோடு ஒரு வரி வந்தது: 'முன்மாதிரி வீதியின் பயனாளி ஒருவர் தமது சுயாதீன நடமாட்டத்தைப் பொரளை வரை விரிவாக்கிக்கொண்டுள்ளார்.'

ஜெயராணி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அதுவரை அவளுக்கு வந்தது அழுகை. அன்றுதான் கோபம் வந்தது.

முறைப்பாடு சொல்ல வெள்ளவத்தைக்குப் போனாள். மறதி நேயச் செயலகத்துக்குள் நுழைய ஆறு இலக்க இரகசிய எண் வேண்டும். அது ஒவ்வொரு நாளும் மாறும். லிப்ட் ஏறுவதற்கு அட்டை வேண்டும். இறங்குவதற்கும் அதே அட்டை வேண்டும். இத்தனையும் கடந்து ஏழாம் மாடிக்குப் போனால், முறைப்பாட்டு அதிகாரி அன்பாகச் சொன்னார்: "நீங்கள் பாதிக்கப்பட்டவர் இல்லையே அம்மா. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து, என்ன நடந்தது என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் அவர்களின் குரலை மதிக்கிறோம்."

அடுத்த வாரம் தோள் கட்டோடு அழகரைக் கூட்டிப் போனாள். அதிகாரி அவரிடம் குனிந்து, "ஐயா, உங்கள் முறைப்பாடு என்ன?" என்று கேட்டார்.

அழகர் யோசித்தார். "முறைப்பாடுன்னு ஒன்னும் இல்லங்க. ரோடெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கு. பொரளையிலதான் கொஞ்சம் டிராபிக்."

'முறைப்பாட்டாளர் முழுத் திருப்தி' என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து கீழ் மண்டபத்தில் ஜெயராணி முகத்தை மூடிக்கொண்டு இருந்தபோது பணிப்பாளர் அந்தப் பக்கமாக வந்தார். அழுகிற பெண், தலையில் தையல் தழும்போடு ஒரு நினைவுப் பயணி, பக்கத்திலேயே செயலகத்தின் புகைப்படக்காரர். பணிப்பாளர் அந்தச் சந்தர்ப்பத்தைத் தவறவிடவில்லை. அழகரின் நல்ல தோளில் கை வைத்தார்.

"அம்மா, எங்கட கதவு எப்பவும் திறந்திருக்கும். உங்களாலை ஏலாத நாளிலை இவரை எங்களிட்டைக் கொண்டு வாங்கோ. இதுதான் இவருக்கு வீடு. நாங்கள்தான் இவருக்குப் பிள்ளையள்."

"எந்த நாளும் வரலாமா சார்?"

"எந்த நாளும்!"

அந்தப் படமும் அந்த வசனமும் சுவரொட்டியாகி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் தொங்கின. ஜெயராணி ஒவ்வொரு தடவை பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தன் அழுத முகத்துக்குக் கீழே நின்றாள்.

முறைப்பாட்டு வரிசையில் அவளுக்கு ஒரு நல்லது நடந்தது. பௌஸியின் பழக்கம் கிடைத்தது. அவர் வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவி ஹமீமா அமைதியானவர், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார். செயலகம் ஹமீமாவுக்கு, இருக்கும் இடத்தைக் காட்டும் கைப்பட்டி ஒன்றைக் கொடுத்திருந்தது. அது இரகசியச் சொல்லைப் போட்டால்தான் இயங்கும். பயனாளியின் தனியுரிமையைக் காக்க வேண்டும் என்று அந்தச் சொல்லை ஹமீமாவையே வைக்கச் சொல்லியிருந்தார்கள். அது என்னவென்று இப்போது ஹமீமாவைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, உலக மறதி நேய நகர விருதுக்காக வெளிநாட்டு மதிப்பீட்டுக் குழு வருகிறது என்ற செய்தி நிம்றாவின் வாயால் வந்தது. ஜெயராணி அன்றே பௌஸியின் கடைக்குப் போனாள். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"பௌஸி நானா, அன்னைக்குத்தான் நமக்கு ஏலாத நாள்."

பௌஸிக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் பயம் வந்தது. "எனக்குப் பயமா ஈக்கிது தங்கச்சி. எங்கசரி தொலஞ்சி போனா?"

"எங்க தொலையிறது? கார்ட் இல்லாம லிப்ட் எறங்காது. அன்னைக்கு நானே வெளிய வர ஏலாம நின்னேன். கொழும்புல அத விட பத்திரமான எடம் இல்ல நானா."

நிம்றா கூடவே இருப்பதாகச் சொன்னாள். தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, உடனே, போகாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னாள். கடை போன ஜாபிர் இப்போது விழாக்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிப் பிழைத்தார். அன்றைய விருந்துக்கும் அவர்தான். அவரும் மேலே இருப்பார். இப்படியே பேச்சுப் பரவி, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து ஒரு வான் வண்டி நிறையச் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஹியூபேட் மாஸ்டரும் இருந்தார். ஒரு காலத்தில் பாடசாலையில் ஒழுக்காற்று ஆசிரியர். மகள் அவருக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டிருந்தாள்.

விருது நாள் காலை, கழுவி உடுத்திய நினைவுப் பயணிகளோடு அவர்கள் செயலக வாசலில் இறங்கினார்கள். காவலாளி கையை விரித்து மறித்தான்.

"இண்டைக்கு ஒருத்தரும் வர ஏலாது. பெரிய ஆக்கள் வாறாங்க."

ஜெயராணி அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய சுவரொட்டியைக் காட்டினாள். "வாசிங்க தம்பி. இது நான். இது ஒங்க சார். 'எந்த நாளும்'னு போட்டிருக்கு."

காவலாளி திரும்பி, தினமும் தான் காவல் காத்த வசனத்தை முதன்முறையாக வாசித்தான். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் குழுவின் வாகனங்கள் வந்து நின்றன. மறித்த கையை அவன் அப்படியே வணக்கமாக மாற்றினான். விருந்தினரும் பயணிகளும் ஒன்றாக மேலே போனார்கள். மண்டபத்தில் அவரவர் ஆட்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, குடும்பத்தார் நிம்றாவின் அட்டையைப் போட்டு அடுத்த லிப்ட்டில் இறங்கினார்கள். அவசரம் என்றால் அழைக்க நிம்றாவிடம் பௌஸியின் இலக்கம் மட்டும் இருந்தது. மற்ற எல்லோரும் போனை அணைத்தார்கள்.

காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒரு ஹோட்டலுக்குப் போய் புரியாணி சொன்னார்கள். பௌஸி பல வருஷத்துக்குப் பிறகு சூடான சோற்றை அது சூடாக இருக்கும்போதே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயராணி பாதிச் சோற்றில் மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

இனி, ஏழாம் மாடி மண்டபத்தில் நடந்தது. இது நிம்றா பின்னர் சொன்னது.

பணிப்பாளர் வரவேற்புரையைத் தொடங்கி, "நாங்கள் மறதியைக் கண்டு அஞ்சவில்லை, அணைக்கிறோம்" என்ற இடத்துக்கு வந்தபோது அழகர் எழுந்தார். வரிசைக் கதிரைகளையும் நடுவே இருந்த பாதையையும் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்துபோனது. முன்னால் போய் ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"போகலாம். உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க. பின்னால எடம் இருக்கு."

ஹியூபேட் மாஸ்டர் எழுந்து, நின்றவர்களை எல்லாம் ஒவ்வொருவராக உட்காரவைத்தார். தலைமை மதிப்பீட்டாளரான வெளிநாட்டு அம்மையார், எத்தனையோ நகரங்களில் சரிவான வாங்குகளைப் பார்த்துக் களைத்தவர், மகிழ்ச்சியோடு ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பணிப்பாளர் மட்டும் ஒலிவாங்கியோடு நின்றார். ஹியூபேட் மாஸ்டர் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, காதைப் பிடித்து, "நீதான் எப்பவும் பிந்தி வாறவன். இரு அங்கை!" என்று ஹமீமாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். பணிப்பாளரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பஸ் புறப்பட்டது. கொஞ்சத் தூரம் போனதும் ஹமீமா பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மகன் என்ன தொழில் செய்ற?"

பின்னால் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் மறதி நேய மாநகரச் செயற்றிட்டத்தின்ரை பணிப்பாளர் அம்மா. பல்துறைப் பங்குதாரர்களை ஒருங்கிணைச்சு, மூலோபாய வழிகாட்டல் வழங்கிறன்."

"மாஷா அல்லாஹ். நல்லம், நல்லம்." ஹமீமா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பினார். "மகன் என்ன தொழில் செய்ற?"

"பணிப்பாளர் அம்மா. கூட்டம் நடத்துறனான்."

"கூட்டத்தில என்ன செய்ற?"

"அடுத்த கூட்டத்துக்குத் திகதி வைக்கிறது."

"நல்லம்." மறுபடி ஜன்னலைப் பார்த்தார். "மகன் என்ன தொழில் செய்ற?"

பணிப்பாளர் எழுந்துவிடப் பார்த்தார். அழகர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலையைத் தூக்கி, "ஓடுற பஸ்ஸுல எறங்க ஏலாது. இருங்க!" என்று அதட்டினார். ஹியூபேட் மாஸ்டர் காதை நோக்கிக் கையை நீட்டினார். பணிப்பாளர் உட்கார்ந்தார்.

பஸ் மருதானை தாண்டியது. பொரளையில் கொஞ்சம் நின்றது, டிராபிக். ஹமீமா சலிக்காமல், அதே அக்கறையோடு, ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில்கள் வரவரச் சிறுத்தன. கையெழுத்து வைக்கிறன் என்றார். எதற்கு என்று கேட்டபோது, வாசிக்கிறேல்லை என்றார். பம்பலப்பிட்டி வந்தபோது கலாநிதி குகனேந்திரனின் கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது.

"மகன் என்ன தொழில் செய்ற?"

"ஒண்டும் செய்யிறேல்லை அம்மா" என்றார் அவர். "ஒண்டுமே செய்யிறேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார்.

ஹமீமா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல மகன். கவலப்படாதீங்க. எங்கட அவர்ட கடையில கண்ணாடி தொடைக்க ஆள் தேடுற. நான் சொல்றேன்."

வெள்ளவத்தையில் பஸ் நின்றது. ஜாபிர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அம்மையார் எழுந்து வந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எத்தனையோ நகரங்களில் எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன், ஒரு பணிப்பாளர் தன் பதவியைக் கழற்றி வைத்துவிட்டு இவர்களில் ஒருவராகப் பயணம் செய்ததை இங்கேதான் பார்த்தேன் என்றார். இது தினமும் நடக்கிறதா என்று கேட்டார்.

பணிப்பாளர் நிம்றாவைப் பார்த்தார். நிம்றா கூரையைப் பார்த்தாள். மேடையில் விருது இருந்தது.

"ஓம்," என்றார் அவர். "ஒவ்வொரு நாளும்."

விருது கொடுத்தார்கள். அதோடு நிபந்தனையும் கொடுத்தார்கள். நிகழ்ச்சி காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நாள்தோறும் நடக்க வேண்டும். விருதுக் குழுவின் தலைமையகத்தில் இருந்து பார்க்க மண்டபத்தில் கமரா பூட்ட வேண்டும். இதன் உயிர்நாடி பணிப்பாளரே என்பதால், அவர் எந்த நாளும் நேரில் இருக்க வேண்டும். அவர் விண்ணப்பித்திருந்த வெளிநாட்டுப் பதவியை, இவரை இங்கிருந்து பிரிப்பது பாவம் என்று அம்மையாரே நேரில் பேசி நிறுத்தினார்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு வான் வந்தது. பணிப்பாளர் கை பிடித்து இறக்கினார். கழுவ வேண்டியவர்களைக் கழுவினார். கமராவுக்கு முன்னால் யாரையும் ஏவ முடியவில்லை. ஊட்டியவருக்கே ஊட்டினார், சொன்னதையே சொன்னார். ஹியூபேட் மாஸ்டர் வாரத்தில் பாதி நாள் அவரை முழங்காலில் நிறுத்தினார். தேநீர் வேளையில் ஹமீமா தொழிலை விசாரித்தார். ஜெயராணி காலையில் தூங்கினாள், மதியம் தைத்தாள், பின்னேரம் வந்து அழகரைக் கூட்டிப்போனாள். தோள் எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. மழைக்கு வலிக்கும். ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மழைக் காலம் முடிந்த ஒரு காலை, பணிப்பாளர் வாசலிலேயே அவளுக்காகக் காத்து நின்றார். தாடி மழிக்கவில்லை. சட்டையில் பருப்புக் கறை.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவையளை வீட்டிலை வைச்சிருக்க ஏலுமே? எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினாலும் பஸ் ஓடுது."

"ஒத்தாசைக்கு ஆள் இல்லயா சார்?"

"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வந்து படம் எடுத்துக்கொண்டு போயினம்."

"வீட்டுல சொல்லிப் பாத்தீங்களா?"

"அவைக்கு விளங்குதில்லை அம்மா. நான் எரிஞ்சு விழுறன் எண்டு சொல்லினம்."

ஜெயராணி அவருடைய முகத்தைப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே கறுப்பு. உதடு காய்ந்திருந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைப் போகவிட்டாள்.

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன கொண்டாந்து விடுறேன் சார். எனக்கு வேலை இருக்கு."

அவளுக்கு எந்த வேலையும் இல்லை. மறுநாள் வெள்ளனவே அழகரை விட்டுவிட்டு, ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனாள். தள்ளுவண்டியில் இறால் வடை வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினாள். வடை காரமாக இருந்தது. ஏழாம் மாடி ஜன்னலில் பணிப்பாளர் நிற்பது தெரிந்தது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவருடைய காதைப் பிடித்தது.

ஜெயராணி வடைக் கையாலேயே அவருக்குக் கையசைத்தாள்.